எக்ஸ்ரே மேசையில் படித்த தோள்பட்டை

ரேடியோகிராஃபி டிப்ளமோவில் நெஞ்சு எக்ஸ்ரே சீக்கிரம் கைவந்துவிடும். மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரிக்குப் போஸ்டிங் போனால் பழகிவிடும். தோள்பட்டை மட்டும் அப்படி வராது. இத்தனைக்கும் மூன்றே எலும்புகள்தான்: முன்னால் காறை எலும்பு, பின்னால் ஸ்கேபுலா என்கிற தோள்பட்டை எலும்பு, மேல்கையில் ஹ்யூமரஸ். ஆனால் நோயாளி கொஞ்சம் திரும்பி நின்றாலே படம் வேறாகிவிடும். மனப்பாடம் செய்த பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் படத்தின் முன்னால் நின்றால் எது எங்கே என்றே தெரியாது.

நான் தாராவியில் வளர்ந்தவன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். படித்த இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு எலும்புப் பெட்டி இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், பார்த்தவர்கள் குறைவு. அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் அன்றைக்கு லீவில் இருப்பார். வகுப்பில் ஸ்லைடு ஓடும். மூலையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு தொங்கும். அதன் ஸ்கேபுலாவை விலா எலும்போடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். கையைத் தூக்கினால் மொத்தக் கூடும் ஆடும். தோளைப் பற்றி அதைவிடத் தப்பான பாடம் இருக்க முடியாது. உயிருள்ள உடம்பில் ஸ்கேபுலா விலா எலும்பு எதிலும் மூட்டுப் போட்டு இணைந்திருக்கவில்லை. இரண்டாவது விலாவிலிருந்து ஏழாவது விலா வரைக்கும் மூடியபடி, தசைகளுக்கு நடுவே முதுகின்மேல் வழுக்கிக்கொண்டே இருக்கிறது.

எனக்குப் பாடம் தொடங்கியது போஸ்டிங்கில்தான். எக்ஸ்ரே அறையில் சீனியர் டெக்னீஷியன் நாங்குநேரிக்காரர். தமிழ் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. முதல் நாளே சொல்லிவிட்டார்: "படத்தை அப்புறம் பாரு தம்பி. அந்த ஆளோட கட்டைவிரல் எந்தப் பக்கம் பாக்குதுன்னு முதல்ல பாரு. அதை வெச்சே படம் எப்படி வரும்னு சொல்லிடலாம்."

ஹ்யூமரஸின் மேல்முனையில் உருண்டையான தலை இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு புடைப்புகள். வெளிப்பக்கம் பெரியது கிரேட்டர் ட்யூபர்கிள், முன்பக்கம் சிறியது லெஸ்ஸர் ட்யூபர்கிள். இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இறங்கும், அதில் பைசெப்ஸின் நீளமான தசைநாண் ஓடும். இதைப் புத்தகத்தில் படித்தால் சாயங்காலத்துக்குள் மறந்துவிடும். இப்போது நோயாளியை நிற்க வையுங்கள். உள்ளங்கை முன்னால் தெரிகிறமாதிரி கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கட்டைவிரல் உடம்பை விட்டு வெளியே பார்க்கும். படத்தில் கிரேட்டர் ட்யூபர்கிள் வெளி ஓரத்தில் துருத்திக்கொண்டு தெரியும். அப்புறம் புறங்கை தொடையில் படுகிறமாதிரி உள்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கட்டைவிரல் பின்னால் போய்விடும். கிரேட்டர் ட்யூபர்கிள் தலையோடு கலந்து மறைந்து, லெஸ்ஸர் ட்யூபர்கிள் உள் ஓரத்தில் முகம் காட்டும். உள்ளங்கை தொடையைப் பார்த்தபடி சும்மா தொங்கினால் இரண்டுக்கும் நடுப்பட்ட நிலை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நோயாளிகளில் பலர் தோளைத் திருப்பாமல் முன்கையை மட்டும் திருப்பி ஏமாற்றுவார்கள். வேண்டுமென்று இல்லை, வலிக்கும்போது உடம்பே அப்படிச் செய்துகொள்ளும். கட்டைவிரல் சரியான பக்கம் இருக்கும், படம் மட்டும் சரியாக வராது. அதனால் கட்டைவிரலைப் பார்த்த கையோடு முழங்கையைத் தொட வேண்டும். முழங்கையின் இரண்டு பக்கமும் தட்டுப்படும் எலும்பு முடிச்சுகள் ஹ்யூமரஸின் கீழ்முனை. அவை படம் பதிவாகும் பலகைக்கு இணையாக இருந்தால் தோள் நன்றாக வெளியே திரும்பியிருக்கிறது, செங்குத்தாக இருந்தால் உள்ளே திரும்பியிருக்கிறது. ஒரே எலும்பின் இரண்டு முனைகள் என்பதால் கீழே பார்த்து மேலே நடப்பதைச் சொல்லிவிடலாம். எலும்பு முறிந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அடிபட்டு வந்தவரின் கையை, முறிவோ மூட்டு விலகலோ இருக்கும் என்று சந்தேகம் இருக்கும்போது, எந்தக் காரணத்துக்காகவும் திருப்பக் கூடாது. இருக்கிறபடியே எடுக்க வேண்டும். படிக்கிறவர்கள் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நான் என் தோளிலேயே படிக்க ஆரம்பித்தேன். எனக்குப் பிடித்த வரிசை இது. வலது கையால் இடது தோள். கழுத்துக்குக் கீழே, நெஞ்செலும்பின் உச்சியில் இருக்கும் குழியில் விரலை வையுங்கள். அங்கிருந்து இடது பக்கம் நகர்ந்தால் உடனே ஒரு குமிழ் தட்டுப்படும், அதுதான் காறை எலும்பின் உள்முனை. தோளைக் குலுக்கினால் குமிழ் விரலுக்கடியில் அசையும். மொத்தக் கையும் உடம்பின் நடுக்கூட்டோடு எலும்புக்கு எலும்பு சேருகிற இடம் இது ஒன்றுதான். இதை முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு நம்பவே முடியவில்லை. மூட்டை தூக்குகிறவரின் கைக்கும், லோக்கல் ரயிலில் தொங்குகிறவரின் கைக்கும் நெஞ்சில் இருக்கும் இந்தச் சின்ன மூட்டுதான் எலும்பு வழித் தொடர்பு. மற்றதெல்லாம் தசையும் தசைநாணும்.

விரலை எடுக்காமல் காறை எலும்பின்மேலேயே வெளியே போங்கள். முதல் மூன்றில் இரண்டு பங்கு முன்னால் வளைந்திருக்கும், கடைசிப் பங்கு பின்னால் வளையும். தனி எலும்பைக் கையில் கொடுத்து வலமா இடமா என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்டால் இந்த வளைவுதான் கைகொடுக்கும். உருண்டு தடித்த முனை நெஞ்சுப் பக்கம், தட்டையான முனை தோள் பக்கம், நீளவாக்கில் பள்ளம் இருக்கும் முகம் கீழே. இந்த மூன்றையும் சரியாக வைத்தால் எந்தப் பக்கத்து எலும்பு என்று தானாகத் தெரியும். எலும்பைக் காற்றில் பிடித்துக்கொண்டு யோசிப்பதைவிட உங்கள் உடம்பில் அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்துப் பாருங்கள், பரீட்சை நடத்துகிறவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

காறை எலும்பு முடியும் இடத்தில் ஒரு சின்னப் படி தட்டும். அது காறை எலும்பும் அக்ரோமியனும் சேரும் மூட்டு. அதைத் தாண்டினால் தோளின் தட்டையான கூரை, ஸ்கேபுலாவின் பகுதியான அக்ரோமியன். அதன் ஓரத்திலிருந்து ஒரு விரலை கீழே இறக்கினால் இன்னொரு எலும்பு தட்டும். இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். எது எது என்று பிரிக்க ஒரு வழி: முழங்கையை மடித்து, முன்கையைக் கதவு திறந்து மூடுவதுபோல உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். அசையாமல் நிற்பது அக்ரோமியன், விரலுக்கடியில் உருளுவது கிரேட்டர் ட்யூபர்கிள். தோளின் வெளிப்பக்கத்தில் கடைசியாக இருக்கும் எலும்பு இதுதான். தோள் மூட்டு நழுவி விட்டால் ஹ்யூமரஸின் தலை இடம் மாறி, இந்தப் புடைப்பு உள்ளே போய், தோளின் உருண்டை போய்ச் சதுரமாகிவிடும். சட்டைக்கு மேலேயே கண்டுபிடிக்கலாம்.

அக்ரோமியனிலிருந்து பின்னால் போனால் ஸ்கேபுலாவின் முதுகுமேடு. அது உள்ளே முடியும் இடம் மூன்றாவது முதுகு முள்ளெலும்புக்கு நேர், ஸ்கேபுலாவின் கீழ்முனை ஏழாவதுக்கு நேர். கையைத் தொங்கவிட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு. கடைசியாகக் கோரகாய்ட். காறை எலும்பின் வெளிப்பங்குக்குக் கீழே சுமார் இரண்டரை சென்டிமீட்டர் இறங்கி, தோளை நோக்கிப் பின்பக்கமாக அழுத்தினால் கெட்டியாக ஒன்று தட்டும். அழுத்தினால் எல்லோருக்கும் வலிக்கும், பயப்பட வேண்டாம். முன்பக்கம் தெரிந்தாலும் அது ஸ்கேபுலாவின் பகுதி என்பதுதான் பலருக்கும் குழப்பம். எக்ஸ்ரே எடுக்கிறவர்களுக்கு அது மிக முக்கியமான அடையாளம், முன்னாலிருந்து எடுக்கும் நேர்ப்படத்தில் கதிரின் மையத்தை அதை ஒட்டித்தான் வைப்போம்.

நோயாளியின் உடம்பில் இதையெல்லாம் தேடும்போது எதற்குத் தொடுகிறோம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். மும்பையில் மராத்திக்காரர்களிடம் தாயி (அக்கா), காகா (சித்தப்பா) என்று அழைத்துக் கேட்டால் பாதிப் பதற்றம் போய்விடும். தமிழ் அக்காக்கள் வந்தால் அண்ணாச்சி என்னை முன்னால் தள்ளுவார், "பேச்சுக் கொடுத்துட்டே பண்ணு" என்பார்.

எலும்புப் பெட்டிச் சாவி கிடைக்காத குறையை வேறு வழியில் தீர்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டின் முன்னங்கால் சப்பையை வெட்டாமல் முழுசாகக் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அம்மா குழம்பு வைத்துக் கறியை எடுத்த பிறகு எலும்பை நன்றாக வேகவைத்து, சுரண்டி, வெயிலில் காயவைத்தேன். நடுமேடு, மேட்டுக்கு மேலும் கீழும் இரண்டு பள்ளங்கள், ஹ்யூமரஸ் உட்காரும் ஆழமில்லாத குழி, எல்லாம் அப்படியே இருக்கும். மேல் பள்ளம் சிறியது, கீழ்ப் பள்ளம் பெரியது. முதுகெலும்புப் பக்க விளிம்பில் வெள்ளைக் குருத்தெலும்பு ஒட்டிக்கொண்டிருக்கும், மனிதருக்கு அந்த அளவு கிடையாது. கோரகாய்டும் ஆட்டில் சின்ன முனைதான். முக்கிய வித்தியாசம் வேறு. எவ்வளவு தேடினாலும் ஆட்டில் காறை எலும்பு கிடைக்காது. அதன் முன்னங்கால் உடம்போடு தசையால் மட்டுமே இணைந்திருக்கிறது. ஓடுகிற பிராணிக்குக் காலை முன்னும் பின்னும் வீசினால் போதும். நமக்குக் கையைப் பக்கவாட்டில் விரிக்கவும் தலைக்கு மேல் தூக்கவும் வேண்டும், தோளை நெஞ்சை விட்டுத் தள்ளிப் பிடிக்க ஒரு முட்டுக்கொம்பு வேண்டும். காறை எலும்பு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்கு வகுப்பில் கிடைக்கவில்லை.

அந்தக் குழி, க்ளீனாய்ட், பற்றிக் கொஞ்சம். சாசரில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரிதான் ஹ்யூமரஸின் தலை அதில் நிற்கிறது. எந்த நேரத்திலும் தலையின் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் குழியைத் தொடும். சுற்றிலும் லேப்ரம் என்ற நார்க்குருத்து வளையம் குழியைக் கொஞ்சம் ஆழமாக்குகிறது. உடம்பில் அதிகமாக நழுவுகிற பெரிய மூட்டு இதுதான் என்பதில் ஆச்சரியம் இல்லை. இந்தக் குழி நேராக வெளிப்பக்கம் பார்ப்பதில்லை, சற்று முன்னாலும் பார்க்கிறது. ஸ்கேபுலா வளைந்த விலாக்கூட்டின்மேல் முப்பது நாற்பது டிகிரி சாய்ந்து உட்கார்ந்திருப்பதால் இப்படி. சாதாரண நேர்ப்படத்தில் தலையும் குழியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரிவதும் இதனால்தான். மூட்டின் இடைவெளி தெரிய வேண்டும் என்றால், நோயாளியை வலிக்கிற தோள் பக்கமாக 35 முதல் 45 டிகிரி வரை திருப்பி நிறுத்த வேண்டும். கிராஷி வியூ என்பது அவ்வளவுதான். கோணத்தை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. ஸ்கேபுலாவின் உள் ஓரத்தைக் கையால் பிடித்துப் பார்த்து, அந்தத் தகடு பலகைக்கு இணையாகும்வரை ஆளைத் திருப்பினால் கோணம் தானாக அமையும்.

ஒய் வியூவும் அதே தகடுதான், இந்த முறை ஓரவாட்டில். தகடு ஒரு கோடாகத் தெரியும்போது அக்ரோமியனும் கோரகாய்டும் ஆங்கில Y எழுத்துபோல இரண்டு கிளையாகப் பிரியும். கிளைகள் சேரும் சந்தில் ஹ்யூமரஸின் தலை உட்கார்ந்திருந்தால் மூட்டு சரி. கோரகாய்டுக்குக் கீழே போயிருந்தால் முன்னால் நழுவியிருக்கிறது, பெரும்பாலும் இதுதான். அக்ரோமியனுக்குக் கீழே என்றால் பின்னால். பின்னால் நழுவியது நேர்ப்படத்தில் சட்டென்று தெரியாமல் போகலாம், அதனால்தான் இரண்டாவது படம். ஒய் வியூ எடுக்கக் கையை அசைக்க வேண்டியதில்லை என்பது இன்னொரு வசதி.

தஹி ஹண்டி (மும்பையின் உறியடித் திருவிழா) அன்றைக்கு ராத்திரி எக்ஸ்ரே அறையில் இருந்தால் காறை எலும்பைப் பற்றி ஒரு புத்தகம் படித்தமாதிரி. கோவிந்தாக்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்று பானையை உடைக்கப் போய், சரிந்து விழுந்து வருவார்கள். கையை ஊன்றி விழுந்தால் அடி கை வழியாக ஏறி ஸ்கேபுலாவுக்குப் போகும். அங்கிருந்து கோரகாய்டையும் காறை எலும்பையும் கட்டும் வலுவான தசைநார் வழியாகக் காறை எலும்புக்கு வரும். வளைவு மாறுகிற இடத்துக்குப் பக்கத்தில் அது முறியும். முறிந்தபின் உள்துண்டைக் கழுத்துத் தசை மேலே இழுக்கும், வெளித்துண்டு கையின் பாரத்தால் கீழே தொங்கும். அதனால்தான் அப்படி வருகிறவர் அடிபட்ட கையின் முழங்கையை மறு கையால் தாங்கிப் பிடித்தபடி வருவார். மேசையில் படுக்கச் சொல்வதற்கு முன்பே கோரிக்கைத் தாளில் என்ன எழுதியிருக்கும் என்று தெரிந்துவிடும்.

தோள்முனையிலேயே நேராக விழுந்தவர்களுக்குக் கதை வேறு. அக்ரோமியனோடு சேரும் மூட்டு பிரிந்து காறை எலும்பின் முனை மேலே துருத்தும். இவர்களை நிற்க வைத்து எடுப்பது நல்லது. படுத்தால் கையின் பாரம் இல்லாமல் போய், விலகிய எலும்பு திரும்ப இடத்தில் உட்கார்ந்தமாதிரி தெரியும்.

அசைவைப் படிக்க சயான் ஸ்டேஷன் போதும். காலை நேரத்து லோக்கலில் மேலே கைப்பிடியைப் பிடித்து நிற்கிறவர்களின் முதுகைப் பாருங்கள் (முறைத்துப் பார்க்காமல்). சட்டைக்கடியில் ஸ்கேபுலாவின் கீழ்முனை அக்குள் பக்கம் சுற்றி வந்திருக்கும். கையைப் பக்கவாட்டில் 180 டிகிரி தூக்கும்போது 120 டிகிரிதான் தோள் மூட்டில் நடக்கிறது, மீதி 60 டிகிரி ஸ்கேபுலா சுழல்வதால் வருகிறது. இன்மன் குழுவினர் 1944-இல் சொன்ன இரண்டுக்கு ஒன்று கணக்கு இது. ஆளுக்கு ஆள், கோணத்துக்குக் கோணம் கொஞ்சம் மாறும். நண்பரின் கீழ்முனையில் விரலை வைத்துக் கையை மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். முதல் முப்பது டிகிரியில் அது அசைவதே தெரியாது, அப்புறம் விரலை விட்டு ஓடும். அந்த 60 டிகிரிக்காகக் காறை எலும்பும் இரண்டு முனையிலும் அசைய வேண்டும். ஆகவே ஒரு கை மேலே போக நான்கு இடங்கள் வேலை செய்கின்றன: நெஞ்செலும்பு மூட்டு, அக்ரோமியன் மூட்டு, தோள் மூட்டு, விலாவின்மேல் ஸ்கேபுலா வழுக்கும் இடம். நான்காவது மூட்டே இல்லை, ஆனாலும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி கையைத் திருப்பி வைத்துக்கொண்டு பக்கவாட்டில் தூக்குங்கள். தோள் உயரம் தாண்டியதும் முட்டிக்கொள்ளும். உள்ளங்கை மேலே பார்க்கத் திருப்பினால் காது வரை போகும். முட்டுவது கிரேட்டர் ட்யூபர்கிள், அது மோதும் கூரை அக்ரோமியன். கை வெளிப்பக்கம் திரும்பும்போது புடைப்பு கூரைக்கடியிலிருந்து பின்னால் ஒதுங்கிக்கொள்கிறது. இந்த இடுக்கில்தான் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசையின் தசைநாண் போகிறது. 60 முதல் 120 டிகிரி வரை மட்டும் வலிக்கிறது என்று சொல்கிறவர்களின் கதை பெரும்பாலும் இங்கே இருக்கும்.

எக்ஸ்ரேயில் தசை தெரியாதே, ரொட்டேட்டர் கஃப் என்கிற நான்கு தசைகள் எதற்கு எங்களுக்கு என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரஸ் மைனர் மூன்றும் கிரேட்டர் ட்யூபர்கிளில் பிடிக்கின்றன, சப்ஸ்கேபுலாரிஸ் மட்டும் லெஸ்ஸரில். நான்கும் சேர்ந்து தலையைக் குழியோடு அழுத்திப் பிடிக்கின்றன. மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ் பெரிதாகக் கிழிந்து நாளானால், தோளை மூடிய டெல்டாய்ட் தசை இழுக்கும் இழுப்பில் தலை மேலே ஏறி, அக்ரோமியனுக்கும் அதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி குறையும். சுமார் 7 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் டாக்டர்கள் கவனிப்பார்கள். தெரியாத தசையைத் தெரிகிற எலும்பு காட்டிக்கொடுக்கிற இடம் இது.

அப்புறம், படம் சுத்தமாக இருந்தும் கையைத் தூக்க முடியாமல் வருகிறவர்கள். தாராவி பக்கம் நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல், சர்க்கரை உள்ள அக்காக்கள், அண்ணாச்சிமார் நிறையப் பேர். தலைமுடி பின்ன முடியவில்லை, ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை என்று சொல்வார்கள். 1934-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன் ஃப்ரோசன் ஷோல்டர் என்று பெயர் வைத்தது இதற்குத்தான். மூட்டைச் சுற்றிய உறை சுருங்கி இறுகிவிடுகிறது. முதலில் அதிகமாகக் குறைவது கையை வெளிப்பக்கம் திருப்பும் அசைவு. நாமே பிடித்துத் திருப்பினாலும் திரும்பாது. தசை கிழிந்தவருக்கு அப்படி இல்லை, அவரால் தூக்க முடியாவிட்டாலும் இன்னொருவர் தூக்கினால் பெரும்பாலும் போகும். எக்ஸ்ரே அறையில் எங்களுக்கு இதன் பயன் வேறு: வெளிப்பக்கம் திருப்பும் படம் இவர்களிடம் சரியாக வராது. இழுத்துத் திருப்ப வேண்டாம். திரும்புகிற அளவுக்கு எடுத்து, "நோயாளியால் இதற்குமேல் திருப்ப முடியவில்லை" என்று தாளில் எழுதி அனுப்பினால் பார்க்கிற டாக்டருக்கு அதுவும் ஒரு தகவல்.

குழந்தைகள் படம் வரும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். ஹ்யூமரஸின் தலைக்குக் கீழே குறுக்காக ஓடும் கருப்புக் கோடு வளர்ச்சித் தகடு, விரிசல் இல்லை. கூடாரம்போல வளைந்து இருப்பதால் ஒரே படத்தில் இரண்டு கோடாகவும் தெரியும். பதினெட்டு, இருபது வயதை ஒட்டி அது மூடும். காறை எலும்பின் உள்முனை இன்னும் தாமதம், இருபதுகளின் நடுவில்தான் சேரும். கருவில் எல்லா எலும்புக்கும் முன்னால் இறுக ஆரம்பிப்பதும் அதே எலும்புதான். இதை வைவாவில் கேட்பார்கள், என்னிடமும் கேட்டார்கள்.